ஒரே வண்டி, இரண்டு பேர்: ஸ்பிளெண்டரா, ரைடரா?

கேள்வி: வணக்கம் அக்கா. ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பெருந்துறை சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போக 24 கிலோமீட்டர், வர 24. மனைவிக்குச் சித்தோட்டில் கணக்கு எழுதும் வேலை, வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் பகலெல்லாம் வண்டி வீட்டில் சும்மா நிற்கும். அந்த நாட்களில் அவர் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பவானியில் மாமியார் வீட்டுக்குப் போவோம். ஸ்பிளெண்டர் பிளஸ், டி.வி.எஸ். ரைடர் 125 இரண்டில் ஒன்று வாங்க வேண்டும். ரைடருக்கு 12,000 ரூபாய் கூடுதலாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மனைவி அவர் அப்பாவின் ஸ்பிளெண்டரில் ஓட்டிப் பழகியவர், அதுவே போதும் என்கிறார். அவர் உயரம் 5 அடி. நான் இப்போது அண்ணனின் பல்சரை ஓட்டுகிறேன். இருவருக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அவருடையது ஸ்கூட்டருக்கு எடுத்தது. எதை வாங்கலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மனைவியின் லைசென்ஸ் ஸ்கூட்டருக்கு எடுத்தது என்று. முதலில் அதைப் பேசிவிடுவோம். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டரையும் ஓட்டக் கூடாது, ரைடரையும் ஓட்டக் கூடாது. போலீஸ் அபராதத்தை விடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது ஓட்டியவரின் லைசென்ஸைத்தான். அதில் கியர் வண்டி இல்லை என்றால் உங்கள் கையில்தான் எல்லாச் செலவும் வந்து விழும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். இருக்கும் லைசென்ஸிலேயே கியர் வண்டியைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட். எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அப்பாவின் ஸ்பிளெண்டரை ஓட்டியவருக்கு அது பெரிய விஷயமாக இருக்காது.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது சீட் உயரம். 5 அடி உள்ளவருக்குக் கால் எட்டுமா என்று நீங்களும் கவலைப்பட்டிருப்பீர்கள். ஸ்பிளெண்டரின் சீட் 785 மில்லிமீட்டர், ரைடருடையது 780. அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எடையில் வித்தியாசம் உண்டு. ஸ்பிளெண்டர் 112 கிலோ, ரைடர் 123. ஓடும்போது இந்த 11 கிலோ தெரியவே தெரியாது. வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் தள்ளும்போது தெரியும். அதுவும் வாசல் சரிவாக இருந்து, நுனிக்காலில் நின்று தள்ள வேண்டியிருந்தால் நன்றாகவே தெரியும். இதற்கு, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் என் மாணவிகளுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்ததும் வண்டியை மூக்கு தெருவைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். ஒன்பது மணிக்கு அவர் ஸ்டாண்டை எடுத்து, ஸ்டார்ட் செய்து, நேராகப் போய்விடுவார்.

இதைவிடப் பெரிய விஷயம் கியர். ஷோரூமில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்பிளெண்டருக்கு நான்கு கியர், நான்கும் கீழே. முன்பாதத்தால் மிதித்தால் கியர் ஏறும், பின்னால் குதிகாலால் மிதித்தால் இறங்கும். ரைடருக்கு ஐந்து கியர். ஒன்று கீழே, மற்ற நான்கும் மேலே. முன்பாதத்தால் மிதித்தால் கியர் இறங்கும், தூக்கினால் ஏறும். பல்சர் ஓட்டிய உங்கள் கால் தூக்கிப் பழகியது. உங்கள் மனைவியின் கால் மிதித்துப் பழகியது. எந்த வண்டியை வாங்கினாலும் உங்கள் இருவரில் ஒருவர் காலுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை என் முழங்கையில் உள்ள தழும்பு தினமும் எனக்கு நினைவுபடுத்துகிறது. 1998-இல் சேலத்தில் நானும் என் கணவரும் ஒரே வண்டியைத்தான் பகிர்ந்துகொண்டோம். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினோம். புதியதில் கியர் நேர் எதிர்மாறு. அவர் தினமும் ஓட்டினார், மூன்றே வாரத்தில் பழகிவிட்டார். நான் வாரத்துக்கு இரண்டு நாள் எடுப்பேன். மூன்றாவது வாரம், ஓமலூர் ரோட்டில், மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். நான்காவதுக்கு ஏற்ற நினைத்துப் பழைய வழக்கத்தில் முன்பாதத்தால் மிதித்துவிட்டேன். வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கியது. கிளட்சை விட்டதும் பின்சக்கரம் இழுத்துப் பிடித்து வழுக்கியது, ஓரத்து மணலில் விழுந்தேன். பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அதனால்தான் இன்று இந்தப் பதிலை எழுத முடிகிறது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே, உனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவருக்கு இருபது நாள் பழக்கம், எனக்கு நான்கு நாள்.

அன்று புரிந்ததைத்தான் பகிர்ந்து ஓட்டும் தம்பதிகளிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டியைக் குறைவாக எடுப்பவருக்குத்தான் பழக்கம் மெதுவாக வரும், எனவே அவரைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது உங்கள் மனைவி.

அப்படியென்றால் ஸ்பிளெண்டர்தானே என்று கேட்பீர்கள். நானும் கடிதத்தைப் படித்ததும் அப்படித்தான் நினைத்தேன். செலவுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. உங்கள் வேலைக்கு மாதம் 1,200 கிலோமீட்டர், அவருக்கு 200 சொச்சம், பவானிக்கு 120. எல்லாம் சேர்த்து 1,500 என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் வரும் மைலேஜை விட்டுவிட்டு, ஸ்பிளெண்டருக்கு லிட்டருக்கு 60, ரைடருக்கு 50 என்று போட்டால் மாதம் 25 லிட்டர், 30 லிட்டர். ஐந்து லிட்டர் வித்தியாசம், அதாவது சுமார் 500 ரூபாய். ஐந்து வருடத்தில் 30,000. வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் 12,000-ஐயும் சேர்த்தால் 42,000. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை, தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஆனாலும் உங்கள் வழி என்னை யோசிக்க வைக்கிறது. பெருந்துறை, சித்தோடு, பவானி மூன்றுமே சேலம்–கோவை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள். சரக்கு லாரியும் ஆம்னி பஸ்ஸும் ராத்திரி பகல் பார்க்காமல் போகிற ரோடு. ஸ்பிளெண்டரின் சக்தி 8 குதிரை. தனியாக, 50-இல் போகும் வரை அது தங்கமான வண்டி. இருவராக ஏறி, ஒரு டிப்பரைத் தாண்ட நினைத்து வலப்பக்கம் எடுத்த பிறகு முறுக்கினால், அங்கே கைக்குப் பதில் வராது. ரைடருக்கு 11 குதிரைக்கு மேல், கூடவே ஐந்தாவது கியர். சக்கரப் பிடிப்பிலும் வித்தியாசம் உண்டு. ஸ்பிளெண்டரின் பின் டயர் அகலம் 80 மில்லிமீட்டர், ரைடருடையது 100. பிரேக்கையும் பாருங்கள். 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இரண்டு பிரேக்கும் இணைந்து பிடிக்கும் முறை கட்டாயம், அது இரண்டிலும் இருக்கும். திடீரென்று பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அப்போது கட்டாயமானது அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். சாதாரண ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் முன்னாலும் டிரம், பின்னாலும் டிரம். ரைடரில் முன் டிஸ்க் கிடைக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து, கண் எரிய, காலை ஆறரை மணிக்கு மாதத்தில் பாதி நாள் வீடு திரும்புகிறவர் நீங்கள். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே வந்தால் டிஸ்க் பிரேக்கின் பிடிப்பு உங்களுக்கு வேண்டும்.

அதனால் என் பதில் முன் டிஸ்க் உள்ள ரைடர். ஆனால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக இல்லை. அப்புறம், இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு.

முதலாவது, முன்பணம் கட்டும் முன் மனைவியை அழைத்துப் போங்கள். டெஸ்ட் டிரைவ் என்று நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவரைப் பின்னால் உட்காரவைத்து "நல்லா இருக்கா?" என்று கேட்டால் அது கணக்கில் வராது. அவரே ஏறி உட்காரட்டும். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் அழுந்துகிறதா பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பத்தடி பின்னால் தள்ளி, மறுபடி நிறுத்தட்டும். கிளட்ச் லிவரை நான்கு விரலாலும் பிடிக்க முடிகிறதா பாருங்கள். பிறகு பின் சீட்டில் அவர் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்காரட்டும். புடவை கட்டி ஒரு பக்கமாக உட்காருபவர் என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டரின் சீட் ஒரே நீளம், நகர்ந்து உட்காரலாம். ரைடரின் பெரும்பாலான மாடல்களில் பின் சீட் தனியாக உயர்ந்து நிற்கும், ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடம் குறைவு. முடிந்தால் சுடிதாரில் இரு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள், ஓட்டுகிற உங்களுக்கும் வண்டி சாயாது. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிட வேண்டும். பின் சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மோட்டார் வாகன விதியிலேயே கட்டாயம், அழகாக இல்லை என்று அதைக் கழற்றாதீர்கள். ஸ்பிளெண்டரில் செயின் முழு மூடிக்குள் இருக்கும். ரைடரில் எப்படி மூடியிருக்கிறது என்று ஷோரூமில் குனிந்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வண்டி வந்த பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆள் இல்லாத மைதானத்துக்குப் போங்கள். முன்பாதத்தால் தூக்குவதும் மிதிப்பதும் யோசிக்காமல் வரும் வரை அவர் ஓட்டட்டும். அதுவரை அப்பாவின் ஸ்பிளெண்டரை அவர் தொடவே கூடாது. மாமியார் வீட்டுக்குப் போகும்போது "கடைக்குப் போய் வந்துடறேன்" என்று அதை எடுத்தால் பழைய பழக்கம் காலுக்குத் திரும்பிவிடும். பழைய பழக்கத்தால்தான் நானும் விழுந்தேன். இந்த நான்கு வாரமும் அவர் சித்தோட்டுக்குப் பஸ்ஸில் போகட்டும்.

ஷோரூமில் ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள். ஸ்பிளெண்டரிலேயே முன் டிஸ்க் உள்ள மாடலைக் கேளுங்கள். அதில் நெடுஞ்சாலையில் ஓவர்டேக்கை மறந்துவிட்டு இடது ஓரமாகப் போவது உங்கள் பொறுப்பு. பயத்தோடு ஓட்டுகிற ரைடரைவிட நம்பிக்கையோடு ஓட்டுகிற ஸ்பிளெண்டர் அவருக்கு நல்லது.

ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) யார் பெயரில் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வண்டி இன்சூரன்ஸோடு சேர்ந்த 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். உங்கள் பெயரில் வண்டி இருந்து அவர் ஓட்டும்போது ஏதாவது ஆனால் அந்தத் தொகை அவருக்கு வராது. அதிகம் ஓட்டுபவர் நீங்கள், ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும். அவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். குறைந்தபட்சம் அவர் வங்கிக் கணக்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தையாவது போட்டு வையுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் காப்பீடு.

வண்டியைப் பகிரலாம், ஹெல்மெட்டைப் பகிரக் கூடாது. உங்கள் அளவு அவருக்குத் தளர்வாக இருக்கும், விழும்போது கழன்று போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இரண்டு வாங்குங்கள். சாவியை மாற்றிக்கொள்ளும்போது கண்ணாடியைத் திருப்பிக்கொள்வது அவரவர் வேலை. பெட்ரோலை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு ஓடும் ஒருவர் கையில் காலி டேங்கைக் கொடுப்பதைப் போன்ற கோபமூட்டும் விஷயம் வேறு இல்லை, எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதற்காகத்தான் வந்தது.

கேள்வி: என் கணவரின் யூனிகார்னை நானும் ஓட்ட ஆசை. உயரம் 5 அடி 1 அங்குலம். சிக்னலில் கால் எட்டவில்லை. சீட்டை வெட்டிக் குறைக்கலாமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: குறைக்கலாம் அம்மா. அதன் சீட் உயரம் 80 சென்டிமீட்டரை நெருங்குகிறது, வண்டியும் சுமார் 140 கிலோ. ஊரில் சீட் கவர் தைக்கிறவரிடம் போய், ஃபோமின் உயரத்தை முழுவதும் வெட்டாமல், முன்பக்கத்தில் தொடை படும் இரண்டு ஓரத்தையும் செதுக்கச் சொல்லுங்கள். அகலம் குறைந்தாலே கால் நேராக இறங்கும், உங்கள் கணவருக்கும் உட்காருவதில் பெரிய மாற்றம் தெரியாது. பின் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி வளைவில் நிற்கும் விதமே மாறிவிடும், ஸ்டாண்டும் சரியாக நிற்காது. அப்புறம், சிக்னலில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று அவசியம் இல்லை. சீட்டில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, இடது காலை முழுசாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வையுங்கள். வீட்டு வாசலில் இதைத் தினமும் இருபது முறை செய்து பழகிவிட்டுப் பிறகு ரோட்டுக்கு வாருங்கள்.