நான்குவழிச்சாலையும் பந்தயத் தடமும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு இருபது வயது. பைக் ரேஸர் ஆகப்போகிறேன் என்கிறான். இரவில் நண்பர்களோடு நாங்குநேரி வரை நான்குவழிச்சாலையில் பந்தயம் விடுகிறான். அக்கா சாவியை ஒளித்து வைக்கிறாள். இது ஒரு தொழில்தானா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

தொழில்தான். சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-ல் 125 சிசி உலகப் போட்டியிலேயே ஓட்டியிருக்கிறார். ஆனால் உங்கள் மருமகன் இரவில் செய்வதற்கும் அந்தத் தொழிலுக்கும் தொடர்பில்லை. நேர்ச்சாலையில் ஆக்ஸிலேட்டரை முறுக்க யாராலும் முடியும். ரேஸரின் வித்தை, வளைவுக்கு முன் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு சீராக பிரேக் பிடிக்கிறார் என்பதில் இருக்கிறது. சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், அதற்குள் 12 வளைவுகள். நாங்குநேரிச் சாலையில் பத்து வருடம் பறந்தாலும் அவற்றில் ஒன்றைக்கூட அவன் கற்றுக்கொள்ள முடியாது. எதிரில் மாடோ லாரியோ வந்தால் ஒதுங்க, பந்தயத் தடத்தில் இருப்பதுபோல மணல்பரப்பும் இருக்காது.

இத்தொழிலின் விலையை அறிய அவனுக்கு மிக் டூஹனின் வாழ்க்கையைச் சொல்லுங்கள். 1992-ல் 500 சிசி உலகப் போட்டியில் முன்னிலையில் இருந்த அந்த ஆஸ்திரேலியர், நெதர்லாந்தின் அஸ்ஸென் தடத்தில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலையில், ரத்த ஓட்டத்துக்காக இரு கால்களையும் சேர்த்துத் தைத்துக் காப்பாற்றினார்கள். அந்த வருடப் பட்டம் 4 புள்ளிகளில் கைவிட்டுப் போயிற்று. வலது பாதத்தால் பின்பிரேக்கை அழுத்த முடியாமல் போனதால், இடது கைப்பிடியில் கட்டைவிரலால் இயக்கும் ஒரு பிரேக் நெம்புகோலை வைத்துக்கொண்டு திரும்பிவந்து, 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் வென்றார். 1999-ல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் விழுந்ததோடு அவர் ஓட்டம் முடிந்தது. அந்த உறுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆனால் அவர் விழுந்தபோது அருகில் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதை அக்கா மகன் மறக்கக் கூடாது.

சாவியை ஒளிப்பதால் பயனில்லை; நண்பன் வண்டியில் ஏறிப் போவான். தடத்தில் நடக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்த்து, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் பந்தய உரிமம் பெறச் செய்யுங்கள். நிறுவனங்கள் தாங்களே வண்டி தந்து நடத்தும் ஒரேவகை வண்டிப் பந்தயங்களுக்குத் தேர்வாக முயன்றால், சொந்தமாக ரேஸ் வண்டி வாங்கும் செலவு மிச்சமாகும். அங்கும் இடம் கிடைப்பது கடினம், படிப்பை விடவேண்டாம்.

அதற்கு முன், இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் அடுத்த தேசியப் பந்தயத்தின்போது நெல்லை எக்ஸ்பிரஸில் அவனை அழைத்துச் சென்று வளைவின் அருகே வேலியோரம் நிறுத்துங்கள். அக்காவும் வரட்டும்.