வாசகர் கேள்வி–பதில்: கல்லில் இருக்கும் பெயரைத் தேடி

பத்து ஆண்டுகளாகச் சென்னை நந்தம்பாக்கம் வழியாகப் பேருந்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. நம்மைப் போன்றவர்கள் உள்ளே செல்லலாமா? ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆனால், சுடுகாட்டுக்குச் சின்னப் பிள்ளையை ஏன் கூட்டிப் போகிறாய் என்று மாமியார் தடுக்கிறார்.
— வாசகி, போரூர்

தாராளமாகச் செல்லலாம், மகனையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தோட்டம் 1952-இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இறந்த படைவீரர்கள் பல ஊர்களின் பொதுக் கல்லறைகளிலும் கண்டோன்மெண்ட் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்தார்கள். அங்கெல்லாம் நிலையான பராமரிப்புக்கு உறுதி இல்லாததால், அவர்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்காகவே இதை உருவாக்கினார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இன்றும் அதைக் கண்ணுங்கருத்துமாகப் பராமரித்து வருகிறது. இரண்டாம் போரில் இறந்தவர்கள் 856 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பின்புறம் நிற்கும் நினைவுச் சின்னத்தில், இந்தியாவின் பல பகுதிகளில் புதைக்கப்பட்டு, கல்லறையை நிலையாகக் காக்க இயலாமற்போன முதல் உலகப் போர் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான பார்வையாளர்கள் முன்பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பின்புறம் வரை நடந்து செல்லுங்கள்.

மகனுக்கு வரலாற்றுப் பாடம் எதுவும் நடத்த வேண்டாம். ஏதாவது ஒரு கல்லின் முன் நின்று, அதில் உள்ள பெயரையும் படைப்பிரிவையும் இறந்த தேதியையும் வயதையும் அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் முதல்முறை சென்றபோது கட்டடக் கலையைப் பார்க்கும் எண்ணத்தோடுதான் போனேன். ஆனால் இருபது, இருபத்திரண்டு என்று அடுத்தடுத்து வயதுகளைப் படித்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பதவியாலோ இனத்தாலோ மதத்தாலோ வேறுபாடு காட்டக் கூடாது என்பது அந்த ஆணையத்தின் தொடக்ககாலக் கொள்கை. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் அங்கே கிடையாது. இதைப் பையன் தானாகவே கவனித்து உங்களிடம் கேட்பான்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். செங்கம், தருமபுரிப் பக்கத்தில் போரிலும் ஆநிரை மீட்கும் சண்டையிலும் மாண்ட வீரர்களின் நடுகற்களை இன்றும் வேடியப்பன் என்று பெயரிட்டுக் கும்பிடுகிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் அந்தக் கோயில்களுக்குப் போகிறார்கள். வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. இறந்த வீரனின் கல்லைத் தேடிச் செல்வது நம் முன்னோர்க்குத் தீட்டாக இருந்ததில்லை.

என் தாத்தாவின் தமையனார் இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போனவர் திரும்பவே இல்லை. நந்தம்பாக்கத்தில் தேடினேன், அவர் பெயர் இல்லை. மறக்கப்பட்டுவிட்டாரா?
— வாசகர், திருப்பத்தூர்

இல்லை ஐயா. நீங்கள் தேடிய இடம்தான் அவருக்குரியதன்று. நந்தம்பாக்கத்தில் இருப்போர் இந்த மண்ணில் இறந்து புதைக்கப்பட்டவர்கள். பர்மாவிலும் அசாமிலும் இறந்து, கல்லறை எங்கே என்று அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள், மியான்மரில் தவுக்கியான் என்னும் இடத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இறந்திருந்தால், சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னத்தில் தேட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்து வீரர்களும் சீக்கிய வீரர்களும் வழக்கப்படி எரியூட்டப்பட்டார்கள். ஆகவே, அவர்களுக்குத் தனிக் கல்லறை இருக்காது. அவர்களுக்காகத் தகன நினைவுச் சின்னங்களை எழுப்பியிருக்கிறார்கள். கோகிமாவில் உள்ள அத்தகைய சின்னம் 917 பேரையும், இம்பாலில் உள்ளது 868 பேரையும் நினைவுகூர்கிறது. கல்லறை வரிசைகளில் மட்டும் தேடிவிட்டு, நம்மவர்கள் யாருமே இல்லையே என்று மனம் நொந்து திரும்புகிறவர்கள் பலர். தகனச் சின்னத்துப் பெயர்ப் பலகையின் அருகே போயிருந்தால் அந்த வருத்தம் நேர்ந்திருக்காது.

பயணச் சீட்டு எடுப்பதற்கு முன், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தமிழ் அறியாத எழுத்தர்கள் என்பதை மனத்தில் வையுங்கள். முனுசாமி என்னும் ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதியிருக்கக்கூடும். பெயரைவிடப் படை எண் நம்பத்தக்கது. வீட்டுப் பரணில் பழைய பதக்கமோ ஓய்வூதியக் காகிதமோ கிடந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தந்தையின் பெயரும் ஊரின் பெயரும் சில பதிவுகளில் சேர்ந்தே இருக்கும் என்பதால், ஒரே பெயருடைய பலருக்குள் உங்கள் பெரிய தாத்தாவைப் பிரித்தறிய அது உதவும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பெயர்கள் இல்லை. அழுக்கேறியிருப்பதால் அமிலம் ஊற்றிக் கழுவி, எழுத்துக்குப் பொன்வண்ணம் தீட்டலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறோம்.
— வாசகர், வேலூர் மாவட்டம்

அருள்கூர்ந்து அமிலத்தைத் தொடாதீர்கள். சலவைக்கல் சுண்ணாம்பின் இனம். அமிலம் பட்டால் அழுக்கோடு எழுத்தும் கரைந்துவிடும். தூய நீரும் மென்மையான தூரிகையும் போதும். உப்புக்காகிதம், கம்பித் தூரிகை, சலவைத்தூள் எதுவும் வேண்டாம். வண்ணமும் வேண்டாம் என்பதே என் கருத்து. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால், மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் புகைப்படம் எடுத்து, அதன் தமிழாக்கத்தைத் தனிப் பலகையில் எழுதிப் பக்கத்தில் மாட்டுங்கள்.

இப்படிப்பட்ட கற்கள் நாட்டின் பல கிராமங்களில் உண்டு. 1918 நவம்பர் 11 அன்று சண்டை ஓய்ந்தாலும் வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூனில்தான் கையெழுத்தானது என்பதால் அந்த ஆண்டைக் குறித்திருக்கிறார்கள். பெயர் இல்லாத அந்தக் கல்லுக்குப் பெயர் கொடுக்க உங்கள் ஊராரால்தான் முடியும். பட்டாளத்தார் வீடு என்று இன்றும் அழைக்கப்படும் வீடு ஏதாவது இருக்கிறதா என்று முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளியில் வையுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். கேட்டுச் சொல்லக்கூடியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வெள்ளையனுக்காகப் போரிட்டவர்களுக்கு நாம் ஏன் மாலை போட வேண்டும்?
— வாசகர், மதுரை

கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் ஒதுக்காமல் பதில் எழுதுகிறேன். முதல் போரில் மாண்ட இந்திய வீரர்கள் 74,000-க்கும் மேற்பட்டோர். போரைத் தொடங்கியது அவர்களல்லர், போருக்குப் பின் நாடு விடுதலை பெற்றதுமில்லை. மாதச் சம்பளத்துக்காகப் போனவர், பஞ்சத்துக்கு அஞ்சிப் போனவர், குடும்ப வழக்கமாகப் போனவர் எனப் பலரும் அதில் இருந்தார்கள். அவர்கள் கல்லின் முன் நிற்பது பேரரசை வணங்குவதாகாது.

வேலூருக்கு ஒரு முறை சென்று வாருங்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த சிப்பாய்களுக்கு அங்கே நினைவுத் தூண் உள்ளது. ஆண்டுதோறும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையையும், நெற்றிக்குறி, தாடிக்கு விதித்த தடையையும் ஏற்க மறுத்து எழுந்தவர்களும் அதே ஆங்கிலேயரின் சென்னைப் படையில் இருந்த சம்பளக்காரர்களே. சென்னையில் கோட்டைக்குத் தெற்கே, மெரினா தொடங்கும் இடத்தில் உள்ள போர் நினைவுச் சின்னமும் முதல் உலகப் போரின் வெற்றிக்காக எழுப்பப்பட்டதுதான். விடுதலைக்குப் பின் காஷ்மீரிலும் 1962-இல் சீனாவுடனும் பிறகு பாகிஸ்தானுடனும் நடந்த போர்களில் மாண்டவர்களையும் அதே இடம் இன்று நினைவுகூர்கிறது. மாலை போட மனம் ஒப்பவில்லையென்றால் போட வேண்டாம். பெயர்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள்.

இத்தகைய இடங்களில் கற்பூரம் ஏற்றலாமா? எந்த நாளில் செல்வது நல்லது?
— வாசகி, தஞ்சாவூர்

கற்பூரம், எண்ணெய், குங்குமம் மூன்றும் கல்லில் கறையாகத் தங்கிவிடும். உதிரிப்பூ வைத்தால் போதும். டிசம்பர் 7 கொடி நாள், டிசம்பர் 16 வெற்றி நாள், ஜூலை 26 கார்கில் வெற்றி நாள் ஆகியவை படைவீரர்களை நினைக்க உரிய நாள்கள். எனினும் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளின் காலைப்பொழுதில் செல்லவே நான் பரிந்துரைப்பேன். உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற படைவீரர் யாரேனும் இருந்தால், அவரையும் உடன் வருமாறு கேளுங்கள். அவர் வந்தால், அவர் பேசும்வரை நீங்கள் எதுவும் கேட்காதீர்கள்.