பெயர் ஒன்று, சரக்கு வேறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது, இன்னும் 60-இல்தான் இருக்கும். மாற்றுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பிலும் நண்பனின் டெஸ்க்டாப்பிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுதான். அவனிடம் சரளமாக ஓடும் கேம் என்னிடம் திணறுகிறது. லேப்டாப்பில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பெயரில்தான் வில்லங்கம். லேப்டாப் 4060-க்கு எத்தனை வாட் கொடுப்பது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். 35 முதல் 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். வாட் குறைந்தால் வேகமும் குறையும். ஸ்டிக்கர் மட்டும் ஒன்றே. மேல்மட்டத்தில் இன்னும் மோசம்: டெஸ்க்டாப் 4090-இல் கணக்குப் போடும் கோர்கள் 16,384, லேப்டாப் 4090-இல் 9,728.

இந்தப் பெயர் விளையாட்டு எனக்கு வெகுநாள் ஆற்றாமை. 2016-இல் என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டாக வந்தது. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்துப் பலர் சின்னதை வாங்கினார்கள். கோர்களையும் 1,280-லிருந்து 1,152-ஆகக் குறைத்திருந்தார்கள். 2018-இல் ஜிடி 1030-இல் நடந்தது அதைவிட அநியாயம். ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்துகொண்டிருந்த கார்டில் மெதுவான டிடிஆர்4-ஐப் போட்டு, பெயரை மாற்றாமலே விற்றார்கள். நொடிக்கு 48 ஜிகாபைட்டாக இருந்த மெமரி வேகம் 17-க்குப் பக்கத்தில் விழுந்தது; பல கேம்களில் ஃபிரேம் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. பெட்டியின் முன்பக்கம் ஜிடி 1030 என்று கொட்டை எழுத்து. மெமரி வகையோ மாடல் எண்ணின் வாலில் 'டி4' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரத்தில் யார் கண்ணில் படும்?

2022-இல்தான் கூச்சல் எடுபட்டது. ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்களை என்விடியா அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜிபி கார்டை விற்பனைக்கு வரும் முன்பே விலக்கிக்கொண்டு, மறு ஆண்டு 4070 டிஐ என்று கொண்டுவந்தது. அதனால் சத்தம் போடுங்கள். லேப்டாப் வாங்கும்போது 'கிராபிக்ஸுக்கு எத்தனை வாட்' என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பணம் கொடுப்பது அதற்கு அப்புறம்.

கேள்வி: மதர்போர்டு டிடிஆர்4. தள்ளுபடியில் டிடிஆர்5 ரேம் வாங்கிவிட்டேன். கொஞ்சம் அழுத்தினால் உட்காருமா?

பதில்: உட்காராது. இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில். அழுத்தினால் போர்டும் போகும். போர்டின் மாடலைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? தள்ளுபடி என்றதும் கை நீண்டுவிடுகிறது. திருப்பிக் கொடுங்கள், இன்றைக்கே.

கேள்வி: 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி மிக மலிவாகக் கிடைத்தது. கணினியும் 16 டிபி என்றே காட்டியது. பிள்ளைகளின் படங்களை ஏற்றினேன். இப்போது பாதி திறக்கவில்லை. மீட்க முடியுமா?

பதில்: விலையைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்று பலர் உங்களைக் கேட்பார்கள். நான் கேட்கமாட்டேன். திருடியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்படிப்பட்ட டிரைவைப் பிரித்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன மைக்ரோ எஸ்டி கார்டுதான் இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். கணினி அந்தப் பொய்யை நம்பிவிடும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு வருகிற ஃபைல் பழையதன் மேல் ஏறும், அல்லது எங்கேயும் பதியாமலே போகும். அப்படிப் போனவை அந்த டிரைவிலிருந்து திரும்பாது. திறக்கிற படங்களை உடனே வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். படம் எடுத்த போனிலும் கேமரா கார்டிலும் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மையான அளவு வெளியே வரும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். கிரெடிட், டெபிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: கேள்விப்படாத பிராண்ட் பவர் சப்ளை. '80 பிளஸ் கோல்டு' முத்திரை இருக்கிறது. நம்பலாமா?

பதில்: அந்த முத்திரை சொல்வது, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும். ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. நான் வாங்கிய ஒன்று கருகியபோது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. 80 பிளஸ் பட்டியலில் தேடினேன்; அந்த மாடலே அதில் இல்லை, முத்திரையே போலி. பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று: பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம்.

கேள்வி: ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேமை ஐந்து மணி நேரம் ஆடினேன், பிடிக்கவில்லை. பணம் திரும்ப வருமா?

பதில்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் வரும். நீங்கள் ஆடியது ஐந்து.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கேமின் சர்வரை மூடிவிட்டார்கள். தனியாக ஆடும் பகுதிகூடத் திறக்கவில்லை. இது நியாயமா?

பதில்: இல்லை. 2024 மார்ச் 31-இல் யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' கேமின் சர்வரை மூடியபோதும் இதுதான் நடந்தது. தனியாக ஆடியவர்களுக்கும் அதோடு முடிந்தது. நமக்கு விற்கப்படுவது வெறும் உரிமம் என்பதைக் கடைகள் பொடி எழுத்தில் ஒளித்துவைத்திருந்தன. கலிஃபோர்னியாவில் 2025 முதல் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் டிஜிட்டல் கேமுக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைக்க முடியாது. சொன்னால் மட்டும் போதாது, மூடும்போது ஆஃப்லைனில் ஓட வழி செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, தனியாக ஆடவும் இணைய இணைப்பு கட்டாயம் என்று ஸ்டோர் பக்கத்தில் போட்டிருந்தால் முழு விலை கொடுக்காதீர்கள். ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் கிடைக்கும் கேம் என்றால் அங்கே வாங்கி, இன்ஸ்டாலரை உங்கள் டிரைவில் இறக்கி வையுங்கள்.