டயல் மட்டும் புதுசா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: 1950களில் வந்த, சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. டயல் புத்தம் புதிதாக இருக்கிறது, முட்களில் மட்டும் பழுப்பேறிய பூச்சு. இருட்டில் ஒளிரவில்லை. 'நன்றாக ஓடுகிறது' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த டயலும் முட்களும் ஒரே வயதுடையவை இல்லை, அதுதான் உறுத்துகிறது. டயலை யாரோ மறுபடி பெயின்ட் அடித்து எழுத வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி 6 மணிப் பக்கம் பாருங்கள். நிமிடக் கோடுகள் சீராக இல்லாமல், எழுத்துகளின் ஓரம் தடித்துத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அணிந்துகொள்ள என்றால் அது பெரிய குறையில்லை, ஆனால் சேகரிப்பவர்கள் கறை படிந்த அசல் டயலைத்தான் மதிப்பார்கள், அதனால் அசல் டயலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

'நன்றாக ஓடுகிறது' என்ற பேச்சுக்கு நான் மதிப்பே தரமாட்டேன். எண்ணெய் காய்ந்த கடிகாரமும் ஓடும், உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்ந்துகொண்டே ஓடும். கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது என்று கேளுங்கள், பின்மூடியைத் திறந்து ஒரு படமும் கேளுங்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருக்கிறதா, சாவித் தண்டுக்குப் பக்கத்தில் துரு இருக்கிறதா (தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழையும்), தகடுகளில் ஒன்று மட்டும் வேறு நிறமா என்று பாருங்கள். நிறம் மாறியிருந்தால் இரண்டு மூன்று கடிகாரங்களைப் பிரித்துச் சேர்த்ததாக இருக்கலாம். படம் தர மறுத்தால், சரி, அடுத்ததைப் பார்ப்போம் என்று விட்டுவிடுங்கள்.

அந்தப் பழுப்புப் பூச்சு அநேகமாக ரேடியம். ஒளிராததால் அதன் கதிர்வீச்சு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அதில் ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான் கெட்டிருக்கிறது, ரேடியத்தின் அரை ஆயுளோ (கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 1,600 ஆண்டு. மூடிய கடிகாரத்தைக் கட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் வீட்டில் கண்ணாடியைக் கழற்றிப் பூச்சைச் சுரண்டவே கூடாது, அந்தத் தூள் மூச்சில் போனால்தான் வினை.

வாங்கிவிட்டால் முதல் செலவு சர்வீஸ்தான். அப்புறம் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்து, இறுகும் வரை சாவி கொடுங்கள், அதற்கு மேல் திருகாதீர்கள். கேஸை (கடிகாரத்தின் வெளிக்கூட்டை) பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், ஓரங்கள் மழுங்கினால் திரும்ப வராது. திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும், கடிகாரக்காரர் சில நொடிகளில் எடுத்துவிடுவார்.