எந்தப் பள்ளி என்று சொல்லாமலே விமானம் ஏறச் சொல்கிறார்கள்: வேலையை விடலாமா?

கேள்வி: திருநெல்வேலி அருகே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஜப்பானில் அரசுப் பள்ளிகளுக்குத் துணை ஆங்கில ஆசிரியர்களை அனுப்பும் ஒரு நிறுவனம் என்னைத் தேர்வு செய்திருக்கிறது. ஏப்ரலில் வேலை தொடங்குகிறது. டிக்கெட் செலவு என்னுடையது. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். "கான்டோ பகுதி, மற்ற விவரங்கள் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. இது ஏமாற்று வேலையா? இங்கே ராஜினாமா கடிதம் கொடுக்கலாமா?

பதில்: ராஜினாமா கடிதத்தை இன்னும் கொடுக்காதீர்கள். பள்ளியின் பெயர் தெரியாமல் போனால் பெரிய ஆபத்து இல்லை. பணியிடத்தை ஒட்டி வரும் நிபந்தனைகள் எழுத்தில் இல்லாமல் போவதுதான் ஆபத்து. இந்த இரண்டையும் நிறுவனங்கள் ஒன்றாகக் கட்டி "உரிய நேரத்தில்" என்று தள்ளிவிடுகின்றன. நீங்கள் அவற்றைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

பெயர் ஏன் தாமதமாகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஜப்பானில் கல்வியாண்டும் நிதியாண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்குகின்றன. அரசுப் பள்ளிகளை நடத்துவது அந்தந்த நகர, மாவட்டக் கல்வி வாரியங்கள். துணை ஆங்கில ஆசிரியர்களை நேரடியாக வேலைக்கு அமர்த்தாத வாரியங்கள் ஒப்பந்தப்புள்ளி கோரி, அந்தப் பணியைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கின்றன. பல இடங்களில் முடிவு பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான் வருகிறது. உங்களை ஜனவரியில் தேர்வு செய்த நிறுவனம் மார்ச்சில் அந்த நகரத்தின் ஒப்பந்தத்தைப் போட்டியாளரிடம் இழந்துவிடலாம். அப்போது உங்களை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் இடமாற்றமும் மார்ச் பிற்பகுதியில்தான் அறிவிக்கப்படுகிறது. ஆகவே, பிப்ரவரியில் "தெரியாது" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது உண்மையாகவே இருக்கக்கூடும்.

வெளிநாட்டவரை ஆங்கிலம் கற்பிக்க அழைத்துவரும், 1987-இல் தொடங்கிய ஜெட் என்னும் ஜப்பான் அரசுத் திட்டத்தில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்போ கல்வி வாரியமோதான் உங்கள் முதலாளி. கோடையில் கிளம்புபவருக்குச் சில வாரங்கள் முன்பாவது ஊர் தெரிந்துவிடுகிறது. ஜெட் அனுபவத்தை இணையத்தில் படித்துவிட்டுத் தனியார் நிறுவனத்திடமும் அதையே எதிர்பார்ப்பவர்கள் நிறைய.

தெரிந்தே மறைப்பதும் உண்டு. பல ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் முன்கூட்டியே உறுதியாகியிருக்கும். அப்போதும் சொல்லமாட்டார்கள். குளிரும் மலையும் நிறைந்த ஊர் என்று தெரிந்தால் நீங்கள் பின்வாங்கலாம். கடைசி நேரத்தில் வேறோர் ஊரில் ஆள் விலகினால் அந்த இடத்தை உங்களை வைத்து நிரப்பலாம். நீங்கள் வாரியத்தையோ, அங்கே இப்போது பணிபுரியும் ஆசிரியரையோ நேராகத் தொடர்புகொண்டுவிடுவீர்கள் என்ற அச்சமும் இருக்கிறது. இதை நான் நியாயமாகக் கருதவில்லை. போகிறவர் வருகிறவரிடம் அரை மணி நேரம் பேசினால் போதும்: நிலையத்திலிருந்து காலை பஸ் எத்தனை மணிக்கு, எந்த நாளில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பாசிரியர் பாடத்தை முழுவதும் உங்கள் தலையில் விட்டுவிடுவார், பள்ளிக்குள் மாட்டும் காலணியை எங்கே வைப்பது, மதிய உணவில் மீனும் இறைச்சியும் வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது என்று எல்லாம் தெரிந்துவிடும். புதிதாக வருபவருக்கு இவ்வளவு உதவக்கூடிய மனிதரை நிறுவனத்தின் வசதிக்காக மறைத்து வைப்பது ஆசிரியருக்கும் கேடு, குழந்தைகளுக்கும் கேடு.

"கான்டோ" என்ற பதில் உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. டோக்கியோவும் அதைச் சுற்றிய ஆறு மாவட்டங்களும் சேர்ந்த அந்தப் பகுதி பரப்பில் தமிழ்நாட்டின் கால் பங்கு. யோகொஹாமாவும் கான்டோதான், குன்மா மாவட்டத்தின் மலைக் கிராமமும் கான்டோதான். முதல் ஊரில் ரயில் பாஸ் போதும். இரண்டாவதில் கார் இல்லாமல் வேலைக்கே போக முடியாது. ஆரம்பப் பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமானது 2020-இல். அதனால் ஒரே ஆசிரியரை ஒரு நடுநிலைப் பள்ளிக்கும் சில ஆரம்பப் பள்ளிகளுக்கும் பங்கிட்டு அனுப்புவது சாதாரணம். "பள்ளி" என்று ஒருமையில் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எத்தனை பள்ளிகள் என்று கேளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. ஜப்பானின் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் செய்யும்போதே சம்பளம், வேலை நேரம், பணியிடம், ஒப்பந்தக் காலம் முதலியவற்றை முதலாளி தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், பணியிடத்தைப் பின்னால் எந்த எல்லைக்குள் மாற்றலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். பள்ளி முடிவாகாத நிலையில் உத்தேசமான இடங்களின் வரம்பைச் சொல்லலாம், ஆனால் தாளில் பணியிடத்துக்கான கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. இதற்கான தாளுக்கு ரோதோ ஜோகென் ட்சூச்சிஷோ, அதாவது பணி நிபந்தனை அறிவிப்பு என்று பெயர். பெயர் சொல்லியே கேளுங்கள்.

அதே பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. எழுதிக் கொடுத்த நிபந்தனையும் நேரில் இருக்கும் நிலையும் வேறுபட்டால், தொழிலாளி ஒப்பந்தத்தை உடனே முறித்துக்கொள்ளலாம். வேலைக்காக வீடு மாறி வந்தவர் அப்படி முறித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் ஊர் திரும்பினால், தேவையான பயணச் செலவு முதலாளியுடையது. நடைமுறையில் அந்தப் பணத்தை வாங்குவதற்குப் போராட வேண்டியிருக்கும். ஆனால் அறிவிப்பில் "பணியிடம்: நிறுவனம் அறிவுறுத்தும் இடம்" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் போராடவே இடமிருக்காது. எங்கே அனுப்பினாலும் அது எழுதியபடியே ஆகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் கையெழுத்துக்கு முன் அதை மாற்றக் கேளுங்கள்.

"விலகினால் இவ்வளவு யென் அபராதம்" என்று மிரட்டும் பிரிவு இருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பந்த மீறலுக்கு முன்கூட்டியே அபராதமோ இழப்பீட்டுத் தொகையோ நிர்ணயிப்பதை அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடை செய்கிறது.

அடுத்து, உங்களை அனுப்பும் முறை ஹாக்கெனா, கியோமு இதாக்குவா என்று கேளுங்கள். முன்னது ஆள் அனுப்புதல். அதில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லலாம். பின்னது பணி ஒப்படைப்பு. அதில் உங்களுக்கு உத்தரவிடும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. வகுப்பில் உடன் நிற்கும் ஆசிரியர் "இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்" என்று ஆணையிட்டால்கூட அது சட்டச் சிக்கலாகிறது. அங்கே ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் முதலில் போவது என்பது இதைப் பொறுத்தது.

பண விஷயத்தில் கணக்கு கறாராக இருக்கட்டும். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு முதல் முழுச் சம்பளம் மே இறுதியில்தான் வரும் நிறுவனங்கள் உண்டு. ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் விடுமுறை மாதங்களில் சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. வீட்டுக்கு முன்பணமும், வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்பி வராத சாவிப் பணமும் சேர்ந்து சில மாத வாடகைக்குச் சமமாகும். ஊர் தெரியாமல் இந்தத் தொகையை மதிப்பிட முடியாது. வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று எழுதியிருந்தால், சுகாதாரக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் நிறுவனம் உங்களைச் சேர்க்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல், 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்பவரும், மற்றத் தகுதிகள் பொருந்தினால், அதில் சேர்க்கப்பட வேண்டியவர்.

இப்படி ஒரு கடிதம் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், உள்ளடக்கம் இதுதான்:

"பள்ளியின் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்பதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் என் இப்போதைய வேலையை விடுவதற்கு முன் பின்வருபவை எழுத்தில் தேவை. பரிசீலனையில் உள்ள மாவட்டங்களும் நகரங்களும் எவை? அந்த நகரங்களின் ஒப்பந்தம் உறுதியாகிவிட்டதா, எந்தத் தேதியில் தெரியும்? எத்தனை பள்ளிகள்? கார் கட்டாயமா, அதன் செலவு யாருடையது? வீட்டிலிருந்து பயண நேரத்துக்கு உச்ச வரம்பு உண்டா? விடுமுறை மாதச் சம்பளம் எவ்வளவு? இந்த வரம்புக்கு வெளியே அனுப்பினால், செலவின்றி விலக எனக்கு உரிமை உண்டா?"

நேர்மையான நிறுவனம் இதற்கு ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடும். "இப்படிக் கேட்பவர்கள் எங்களுக்கு வேண்டாம்" என்ற தொனியில் பதில் வந்தால், உங்களுக்குத் தேவையான விவரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் தேவை என்றால், இந்தியாவில் தரப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் அங்குள்ள உரிமத்துக்கு மாற வேண்டும். அரசுப் பள்ளிகளில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு, அந்த மொழி வழியாக 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறியவர் என்றால் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். கல்லூரி ஆண்டுகளும் கணக்கில் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி பெறுங்கள். குடிவரவு அலுவலகத்தில் உங்கள் பெயரில் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியையும் கேளுங்கள். பணியிடமாக அதில் என்ன எழுதினார்கள் என்பது தெரியவரும்.

ஊரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பல மெட்ரிக் பள்ளி நிர்வாகங்கள் ஆசிரியரின் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. உங்களுடையதும் அங்கே இருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே, விசா தேவைக்கு என்று சொல்லி வாங்கிவிடுங்கள். இடையில் இந்திய முகவர் யாராவது இருந்தால் அவர் பதிவு பெற்றவரா என்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

அங்கே போன பிறகு சொன்னதற்கு மாறாக நடந்தால், அந்தப் பகுதிக்கான தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஜப்பானிய தொழிலாளர் அமைச்சகம் 13 மொழிகளில் தொலைபேசி ஆலோசனை நடத்துகிறது. தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. ஒசாகாவில் ஜெனரல் யூனியன், டோக்கியோவில் டோசென் ஆகிய தொழிற்சங்கங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களின் வழக்குகளை எடுத்து நடத்துகின்றன. எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தப் பணி நிபந்தனை அறிவிப்பைத்தான். அதன் பிரதி ஒன்றை வீட்டில் பெற்றோரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.