கஸ்டம் ஆர்டர் வந்தாலே லைன் நிற்கிறது: சாஃப்ட்வேர் வாங்கலாமா?

கேள்வி: பினாங்கு, பிறையில் மின்சாரக் கன்ட்ரோல் பேனல் தயாரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். லைனில் 10 நிமிடத்துக்கு ஒரு பேனல் நகர வேண்டும். ஒயரிங்கில் சாதா பேனலுக்கு 8 நிமிடம், கஸ்டம் பேனலுக்கு 14 நிமிடம். கஸ்டம் ஆர்டர் வரும் நாளெல்லாம் லைன் நின்று, ஓவர்டைம் போடுகிறோம். எந்தப் பேனலை எப்போது லைனில் விடுவது என்று வரிசை போடும் சாஃப்ட்வேரை வாங்கச் சொல்கிறார், அதை விற்கும் ஏஜெண்ட். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரு கஸ்டம் பேனலால் ஒயரிங் 4 நிமிடம் பின்தங்குகிறது. பின்னால் வரும் சாதா பேனல் ஒவ்வொன்றும் 2 நிமிடத்தை மீட்கிறது. ஆக, ஒரு கஸ்டம், இரண்டு சாதா என்று விட்டால் 30 நிமிடத்தில் மூன்று பேனல், கணக்கு சரி. ஐந்து கஸ்டத்தை அடுத்தடுத்து விட்டால் 20 நிமிடம் பாக்கி. லைன் நிற்காமல் என்ன செய்யும்? ஒயரிங்குக்கு முன்னும் பின்னும் ஒரு பேனல் காத்திருக்க இடமும் விடுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் கஸ்டம் என்றால் வரிசை உதவாது. ஒயர் வெட்டி எண் போடும் வேலையை லைனுக்கு வெளியே முன்கூட்டியே முடிக்க வேண்டும்.

பேனல் பெட்டிக்கு நீங்களே சாயம் அடித்தால் மட்டும் கதை வேறு. அங்கே ஒரே நிறத்தைச் சேர்த்து அடிப்பதுதான் லாபம். நிறம் மாறும்போதெல்லாம் சாயம் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவ வேண்டும். சாயத்துக்குச் சேர்க்க வேண்டும், ஒயரிங்குக்குப் பிரிக்க வேண்டும். கார் தொழிற்சாலைகளிலும் இதே இழுபறிதான். ரெனோ நிறுவனத்தின் இந்தச் சிக்கலை 2005-இல் ஆராய்ச்சியாளர்களுக்குப் போட்டியாகவே வைத்தார்கள். உங்கள் அளவுக்கு, இரண்டுக்கும் நடுவே பெட்டிகளை நிறுத்த ஒரு ரேக் போதும்.

இனி ஏஜெண்ட். "பயிற்சிக்கு எச்.ஆர்.டி. லெவியில் கிளைம் பண்ணலாம், இலவசம் மாதிரிதான்" என்பார். அந்த லெவி, தொழிலாளர் பயிற்சிக்கென்று உங்கள் முதலாளி கட்டிய பணம்! டெமோவில் அவர் தன் எண்களைத்தான் ஓட்டிக் காட்டுவார். போன மாத ஆர்டர்களைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள். வருகிறவரிடம், ஒரு பாகம் வந்து சேராவிட்டால் வரிசை எப்படி மாறும் என்று கேளுங்கள். பாகம் முழுதாகக் கைக்கு வராத ஆர்டரை லைனில் ஏற்றவே கூடாது. இது தெரிந்தும், லைனைக் கேட்காமல் தேதி கொடுக்கும் சேல்ஸ்காரர்களை நம் கம்பெனிகளில் யாரும் தட்டிக் கேட்பதில்லை. பழி மட்டும் சூப்பர்வைசர் தலையில்.

முதலில் அந்த 14 நிமிடத்தைக் கடிகாரத்தோடு நின்று பாருங்கள். வரைபடம் தேடும் நேரமும் அதில் சேர்ந்திருக்கலாம்.