கைப்பம்பில் சிவப்புத் தண்ணீர்: புது போர் போடுவதற்கு முன்

கேள்வி: உகாண்டாவில் ஒரு கிராமத்துக்கு நண்பர்கள் சேர்ந்து போர்வெல் போட்டு, இந்தியா மார்க் 2 கைப்பம்பு பொருத்திக் கொடுத்தோம். ஒன்றரை வருடத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது, துருவாடை வேறு. மக்கள் பழையபடி ஊற்றுக்கே போகிறார்கள். வேறு இடத்தில் போர் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கெட்டது நிலத்தடி நீரா, உள்ளே இறக்கிய குழாயா என்று தெரியாமல் போட்டால், புது போரிலும் அதே ஜி.ஐ. குழாய்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறங்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். முந்தின மாலையே பம்பைப் பூட்டிவையுங்கள். விடிந்ததும் முதலில் வரும் நீரை நிறமில்லாத, உள்ளே தெரிகிற பாட்டிலில் பிடியுங்கள். 32 மி.மீ. குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். 40 மீட்டர் குழாய் என்றால் முதல் இரண்டு ஜெரிகேனும் (20 லிட்டர் கேன்) இரவெல்லாம் குழாயில் கிடந்த நீர். அதோடு நிறுத்தாதீர்கள், கேசிங்குக்குள் (போரின் வெளிக்குழாய்) குழாயைச் சுற்றி நின்ற நீரிலும் துரு இருக்கும். ஒரு மணி நேரம் ஆள் மாற்றி ஆள் அடித்து, 10 நிமிடத்துக்கு ஒரு பாட்டில் பிடித்து வரிசையாக வையுங்கள். கரைந்த இரும்பு தெளிவாக வந்து, காற்றுப் பட்ட பிறகே சிவக்கும்; ஆகவே மாலையில் ஒப்பிடுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் குறைந்தால் குழாய்தான் அரிக்கிறது. எல்லாம் ஒரே நிறமென்றால் இரும்பு நிலத்திலிருந்தே வருகிறது.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் அங்கேயே, பிடித்த கையோடு பாருங்கள். பாட்டில் நகரத்து ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் கரியமில வாயு வெளியேறி அளவு ஏறிவிடும். கோளாறே இல்லை என்று ரிப்போர்ட் வரும். 6.5-க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. கூடவே கூடாது. அமில நீரில் துத்தநாகப் பூச்சு நிற்காது. மரை வெட்டிய இடத்தில் பூச்சே கிடையாது, சுவரும் மெலிசு. ஓட்டை அங்கேதான் விழும். இந்தியா மார்க் 2 என்பது 1970-களில் கோவைப் பக்கம் சோதித்துப் பார்த்த பம்பு. நம்மூர்ப் பாறை நீர் பெரும்பாலும் பி.எச். 7-க்கு மேல் என்பதால் தாக்குப்பிடித்தது. கைப்பம்புக்கு ஜி.ஐ. குழாய் இறக்குவதை உகாண்டா அரசே 2016-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது.

குழாய்தான் காரணமென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய் இறக்கலாம். அல்லது யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) குழாயும் ஸ்டெயின்லெஸ் ராடும் (பம்பை இயக்க உள்ளே இறங்கும் கம்பி) கொண்ட யு3எம் என்ற உகாண்டா கைப்பம்பு அமைப்புக்கு மாறலாம்; அது 45 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். எதுவானாலும் ராடு, கப்ளிங் உட்பட முழுதாக மாற்றுங்கள். ஸ்டெயின்லெஸோடு நாலு ஜி.ஐ. துண்டைச் சேர்த்து இறக்கினால் அந்தத் துண்டுகள் முன்பைவிட வேகமாக அரிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை நம்பி வாங்காதீர்கள். குரோமியம் குறைந்த 200 வரிசை ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டாது. உலோகக் கலவைச் சான்றிதழ் கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் மரை இறுகிப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ளது, கிரீஸ் தடவியே முடுக்க வேண்டும்.

நிலத்து இரும்பு என்றால் பம்பருகே காற்றூட்டும் தட்டு, படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி கட்டலாம். மேல் மணலைக் கழுவ ஆள் குறித்துவிட்டுக் கட்டுங்கள். கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும், ஊர் மறுபடி ஊற்றுக்கே போய்விடும்.

வேலை முடிந்ததும் போரில் நிற்கும் நீர் 250 லிட்டருக்கு, 65 சதவீத குளோரின் தூள் 20 கிராம் கரைத்து ஊற்றி, இரவு முழுக்க விட்டு, வாடை போகும்வரை அடித்து வெளியேற்றுங்கள். இது கிருமிக்கு மட்டும். சிவப்பு இதனால் போகாது. மூன்று மாதம் கழித்து பாட்டில் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.